பிள்ளையை முதன்முதலாகக் கோடை ஆன்மிக முகாமுக்கு அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முழுப் பரீட்சை அட்டவணை வரும்போதே முகாம் நோட்டீஸ்களும் வர ஆரம்பித்துவிடும். ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) தேதி, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கோடைகாலத் தீனிய்யாத் (இஸ்லாமிய மார்க்கப் பாடம்) வகுப்பு, கோயில் சுவரில் திருமுறைப் பயிற்சி, வாட்ஸப்பில் கீதை முகாம். லீவு முழுக்கப் பிள்ளை ஃபோனும் கையுமாக உட்காரப் போகிறதே என்ற பயத்திலேயே பாதிப் பேர் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். கொடுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் டியூஷனில் சேர்க்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், சாமி காரியம் என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம். போதகரிடமோ உஸ்தாதிடமோ சுவாமிஜியிடமோ போய் "ராத்திரி பிள்ளைகள் பக்கத்தில் யார் படுப்பார்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். முதல் தடவை அனுப்புகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சலே இந்தக் கூச்சம்தான். அதனால் இங்கே நிறைய இடம் அதற்குத்தான்.

நான் எங்கள் திருச்சபை முகாம்களில் பொறுப்பாளராகப் பிள்ளைகளோடு தங்கியிருக்கிறேன், என் பிள்ளைகளையும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் மக்தபுக்கு அனுப்பும் வீடுகளும், இந்து ஆன்மிக வகுப்பான பாலவிஹாருக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. பேசிப் பார்த்தால் மதம்தான் வேறு, அம்மாக்களின் கவலை எல்லாம் ஒன்றுதான்.

பகல் வகுப்பா, தங்கும் முகாமா

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். வி.பி.எஸ். பெரும்பாலும் காலையில் போய் மதியத்துக்குள் வீடு திரும்புகிற வகை. பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, கடைசியில் பவனி, கலைநிகழ்ச்சி, பரிசு. கட்டணம் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். (இதன் தொடக்கம் 1898-ல் நியூயார்க்கில். கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்ல ஓர் அம்மையார் ஒரு மதுக்கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். லீவில் பிள்ளை தெருவில் திரியக் கூடாது என்ற கவலைக்கு அவ்வளவு வயது!) பள்ளிவாசல்களில் நடக்கும் கோடை வகுப்புகளும், ஓதுவாரை வைத்து நடத்தும் தேவார வகுப்புகளும் பெரும்பாலும் இதே மாதிரிதான். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

தங்கும் முகாம் வேறு கதை. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை போகும். வயது எட்டுக்கு மேல் என்று பல முகாம்களில் போட்டிருப்பார்கள், ஆனால் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆச்சி வீட்டிலோ சித்தி வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு ராத்திரி படுத்திருக்கிறதா? தானாகக் குளிக்குமா? கழிவறைக்குப் போக வேண்டும் என்று புது ஆளிடம் வாய்திறந்து சொல்லுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எட்டு வயதுப் பிள்ளையும் போகலாம். இல்லையென்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட இந்த வருடம் பகல் வகுப்பு போதும், அடுத்த வருடம் பார்க்கலாம். பிள்ளைக்கே விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம். "கொஞ்சம் பயமாக இருக்கிறது" என்பது வேறு, "போக மாட்டேன்" என்பது வேறு.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை கொளுத்தும், தகரக் கூரை மண்டபத்தில் நடக்கும் முகாம் அந்த நாட்களில் பிள்ளைகளை வதைத்துவிடும். ஊர்க் கோயில் கொடை, சொந்தத்தில் கல்யாணம் எதுவும் குறுக்கே வருகிறதா? பத்தாவது எழுதிய பிள்ளை என்றால் தேர்வு முடிவும் மே மாதத்தில்தான் வரும். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நடுவே யாரோ ஒருவர் ஃபோனில் மார்க் பார்த்துச் சொல்வது நன்றாக இருக்காது.

நடத்துவது யார்

ஊரறிந்த அமைப்பா, திருச்சபையா, ஜமாஅத்தா, ஆதீனமா, அல்லது ஒரு தனிநபர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறாரா என்று பாருங்கள். தனிநபர் நடத்தினாலே தப்பு என்று சொல்லவில்லை, பெரிய பெயர் இருந்தாலே சரி என்றும் சொல்லவில்லை. ஒரு பிரச்சினை வந்தால் அவருக்கு மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம். மேலே யாரும் இல்லாத ஒருவர், அவரைச் சுற்றி எதிர்த்துப் பேசாத கூட்டம் என்றால் நான் அனுப்ப மாட்டேன், எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும்.

போன வருடம் போன பிள்ளைகளிடம் விசாரியுங்கள். பெற்றோரிடம் கேட்டால் "அருமையாக நடத்தினார்கள்" என்றுதான் வரும், ஏனென்றால் அவர்கள் பார்த்தது கடைசி நாள் கலைநிகழ்ச்சியை மட்டும். பிள்ளையிடம் "சாப்பாடு எப்படி? ராத்திரி எங்கே படுத்தாய்? யாரைப் பார்த்தால் பயம்?" என்று கேளுங்கள், மணி மணியாகச் சொல்லும். "திரும்பப் போவாயா?" என்று கேட்டதும் யோசிக்காமல் தலையாட்டினால் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

முடிந்தால் இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பலிபீடம், பூஜை அறை, தொழுகைக் கூடம் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். நேரே கழிவறைக்குப் போங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா, தூங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி அந்த வழியில் வெளிச்சம் உண்டா? அப்புறம் சமையல்கூடம், குடிதண்ணீர்.

கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை

ஃபோனில் கேட்பதைவிட நேரில் கேட்பது நல்லது, முகம் தெரியும். குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம். "முதல் தடவை அனுப்புகிறேன், கொஞ்சம் விவரம் கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கினால் யாருக்கும் கோபம் வராது. வந்தால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? அமெரிக்க முகாம் சங்கம் தங்கும் முகாம்களுக்கு வைத்திருக்கும் கணக்கு, 6 முதல் 8 வயதுவரை ஆறு பிள்ளைக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுவரை எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். நம் ஊரில் அந்த அளவு கிடைப்பது கஷ்டம்தான், பத்துக்கு ஒருவர் இருந்தால்கூடச் சரி என்பேன். முப்பது பிள்ளைக்கு ஓர் அக்கா, அந்த அக்காவுக்கே பதினெட்டு வயது என்றால் யோசியுங்கள். போன வருடம் பிள்ளையாக வந்தவர்களை இந்த வருடம் உதவியாளராக வைத்துக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிறது, நல்ல வழக்கமும்கூட. ஆனால் அவர்களைப் பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ராத்திரி யார் படுப்பார்கள்? பெண்பிள்ளைகள் அறையில் பெண் பொறுப்பாளர்கள், ஆண்பிள்ளைகள் அறையில் ஆண்கள், அதிலும் ஒருவர் மட்டும் இல்லாமல் இரண்டு பேராக இருக்க வேண்டும். ஆண்பிள்ளைதானே என்று இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விடாதீர்கள்.

பிள்ளையோடு பெரியவர் யாராவது தனியாக இருக்கும் நேரம் உண்டா? ஆன்மிக முகாமுக்கென்றே உள்ள கேள்வி இது. தனி ஜெபம், தனி ஆலோசனை, குருவுக்குச் சேவை, ஓதியதைத் தனியாக ஒப்பித்தல் என்று இதற்குப் பல பெயர்கள் உண்டு. தனியாகப் பேசுவதில் தப்பில்லை, மரத்தடியில், வராந்தாவில், நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் பேசட்டும். கதவைச் சாத்திய அறை வேண்டாம். யாராக இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும் சரி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டமே, மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் தவறாக நடந்தால் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. காவி, அங்கி, தொப்பி எதைக் கண்டாலும் பிள்ளையும் பணிந்துபோகும், பெற்றோரும் பணிந்துபோவோம் என்பதால்தான்.

அடிப்பார்களா? சிரித்துக்கொண்டே "சும்மா ஒரு தட்டுதான்" என்று சொன்னால், வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்திலேயே அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது, சூராவோ சுலோகமோ தப்பாகச் சொன்னதற்குப் பிரம்பு எதற்கு?

தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போவார்களா? ஆறு, கடல், அருவி, கிணறு, எதுவானாலும் நான் சம்மதிக்க மாட்டேன். கோடையில் நம் ஊர்ச் செய்தித்தாளைப் பார்க்கிற யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கூட்டிப்போவதென்றால் எந்த வண்டி, எத்தனை பேர், யார் கூட என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

மீதியெல்லாம் வேகமாகக் கேட்டுவிடலாம். பக்கத்து ஆஸ்பத்திரி எது, ராத்திரி காய்ச்சல் வந்தால் வண்டி உண்டா, உங்களைக் கூப்பிடும் எண் எது, நீங்கள் கூப்பிட்டால் எடுக்கும் எண் எது. கடைசியில் சொன்னதைப் பரீட்சித்தே பார்த்துவிடுங்கள், ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நோட்டீஸில் இருந்த எண் முகாம் நடந்த நாட்கள் முழுக்க அணைத்தே கிடந்தது. கேட்டதற்கு "எல்லாரும் தியானத்தில் இருந்தோம்" என்றார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்த வீட்டில் நாலு நாள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்

தினசரி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம் வகுப்பு, எவ்வளவு விளையாட்டு, மதியம் ஓய்வு உண்டா? அதிகாலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பத்து வரை விடாமல் உட்கார வைக்கும் முகாமில் பக்தி வளராது, தூக்கம்தான் வரும்.

அட்டவணையில் இல்லாததும் முக்கியம். ஞானஸ்நானம், தீட்சை, விரதம், உறுதிமொழி என்று ஏதாவது சடங்கு நடக்குமா? கடைசி நாள் உணர்ச்சிப் பெருக்கில் "என்னை அர்ப்பணிக்கிறேன்" என்று ஒன்பது வயதுப் பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்வார்களா? பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பிள்ளை கையைத் தூக்கினால் எல்லாப் பிள்ளையும் தூக்கும். நடத்துகிறவர்களுக்கு அது பெரிய அறுவடையாகத் தெரியும். சின்னப் பிள்ளையிடம் இப்படி வாங்கும் வாக்குறுதியில் எனக்கு நம்பிக்கையில்லை, எங்கள் முகாமிலும் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். நரகத்தைப் படமாகக் காட்டிப் பயமுறுத்தும் இடங்களும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் விளக்கை அணைத்தால் தூங்காது.

நம் ஊரில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் வி.பி.எஸ். போவது சகஜம், பாட்டும் பரிசும் பிடித்துப்போய்ப் பக்கத்து வீட்டு நண்பனோடு போய்விடும். அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம் என்ற வீடுகளும் உண்டு. இப்படிப்பட்ட வீடென்றால் நடத்துகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வீட்டிலும் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடமே முகாம் நடத்துகிறது, எல்லாரும் வரவேண்டும் என்று சொல்கிறது என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனம் பிள்ளையை மத போதனையில் கலந்துகொள்ளச் செய்ய வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவே அப்படித்தான் சொல்கிறது. வேண்டாம் என்று சொல்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றி எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னால் மறந்துபோகும். ஒரு தாளில் பிள்ளையின் பெயர், வயது, எடை, இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, எந்த நேரம் எத்தனை, மூன்று ஃபோன் எண்கள். வீசிங் இருந்தால் இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பொறுப்பாளருக்குச் செய்து காட்டிவிட்டு வாருங்கள். மருந்தைப் பிள்ளையின் பையில் போடாமல் பெயர் எழுதிய கவரில் பொறுப்பாளர் கையில் கொடுங்கள், இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்கட்டும்.

படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். எட்டொன்பது வயதிலும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். பொறுப்பாளரிடம் தனியாகச் சொன்னால் ராத்திரி எழுப்பிக் கூட்டிப்போவார்கள், நனைந்தாலும் மற்ற பிள்ளைகள் எழுவதற்குள் விரிப்பை மாற்றிவிடுவார்கள். சொல்லாமல் அனுப்பினால் காலையில் அந்தப் பிள்ளை படும் அவமானம் அடுத்த வருடமும் மறக்காது.

பெண்பிள்ளைக்கு ஒன்பது பத்து வயது ஆகிவிட்டால், இன்னும் வயதுக்கு வராவிட்டாலும், பையில் நாப்கின் வைத்து அது எதற்கு என்று சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். முகாமில் முதல்முறை வந்துவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓர் அக்காவையோ டீச்சரையோ அடையாளம் காட்டிவிடுங்கள். அந்த நாட்களில் பூஜை அறைக்குள் விடுவார்களா, தனியாக உட்கார வைப்பார்களா என்றும் நீங்களே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இஸ்லாமிய முகாமில் அந்த நாட்களில் தொழுகை இல்லை, அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றவர்கள் காரணம் கேட்கும்படி ஆகிவிடுமா என்று விசாரிக்கலாம். உங்கள் வீட்டு வழக்கம் ஒன்று, முகாம் வழக்கம் ஒன்று என்றால் அதைப் பிள்ளை அங்கே போய்த் திடீரென்று தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை

ஷவரில் குளித்துப் பழகிய பிள்ளைக்கு வாளியில் மொண்டு குளிக்கத் தெரியாது, வெஸ்டர்ன் டாய்லெட்டில் பழகியது இந்தியக் கழிவறையைக் கண்டால் இரண்டு நாள் போகாமலே அடக்கிக்கொண்டிருக்கும், மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று அழும், நாமும் சாப்பாடு சரியில்லை என்று முகாம்காரர்களைத் திட்டுவோம். அதனால் முன்பே பழக்குங்கள். பாயில் படுப்பது, ஏசி இல்லாமல் மின்விசிறியில் தூங்குவது, உள்ளாடையைத் தானே அலசிக் காயப்போடுவது, தட்டில் போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பது, ஐந்தரைக்கு எழுவது. தலைமுடி நீளமான பெண்பிள்ளை தானே பின்னிக்கொள்ளுமா? இல்லையென்றால் கொஞ்சம் வெட்டிவிடுவது உத்தமம்.

உங்கள் ஃபோன் எண் அதற்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்றைக்குப் பல பிள்ளைகளுக்கு அப்பா எண் தெரியாது, திரையில் அப்பா முகத்தைத் தொட்டுத்தான் பழக்கம்.

வீட்டில் பெரிதாகச் சாமி கும்பிடும் வழக்கமில்லாமல் முகாமுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இது முக்கியம். அங்கே மற்ற பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கும், உங்கள் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். அடிப்படையாக இரண்டு மூன்று விஷயமாவது சொல்லிக்கொடுங்கள். கிறிஸ்தவ முகாம் என்றால் பரமண்டல ஜெபம், வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை எடுத்துக் காட்டும் பழக்கம். இஸ்லாமிய முகாம் என்றால் ஒளூ (தொழுகைக்கு முன் கைகால், முகம் கழுவுவது) செய்யும் முறை, ஃபாத்திஹா சூரா. சைவ, வைணவ முகாம் என்றால் ஒரு பதிகத்தின் முதல் பாட்டோ ஒரு பாசுரமோ. அது போதும், மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

தொடுதலைப் பற்றியும் பேசிவிடுங்கள். எந்த இடத்தை யாரும் தொடக் கூடாது, மருத்துவர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருக்க வேண்டும், "சாமி பெயரால் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் முதலில் எங்களிடம் வந்து சொல். இதைப் பயமுறுத்தாமல், சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் சொன்னால் போதும். "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்று வருடம் முழுக்கச் சொல்லி வளர்த்திருக்கிறோம், அதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

பை கட்டுவது

பையை நீங்கள் கட்டாதீர்கள், பிள்ளை கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முகாமில் ஒரு பையன் துண்டோடு நின்றுகொண்டே இருந்தான். பெட்டிக்கு எண் பூட்டு, எண் அம்மாவுக்குத்தான் தெரியும், குளியலறை வரிசை முடிந்து மணி அடித்துவிட்டது. பூட்டு வேண்டாம், ஜிப் வைத்த சாதாரணப் பை போதும். எந்த உடுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாளுக்கு ஓர் உடுப்பு, கூட இரண்டு, எல்லாம் பருத்தி. உள்ளாடை இன்னும் இரண்டு அதிகம். கனமான டர்க்கி டவல் காயாது, நாற்றம் பிடிக்கும், மெல்லிய துண்டு இரண்டு வையுங்கள். ஜமக்காளம், போர்வை, டப்பாவில் சோப்பு, தேங்காய் எண்ணெய் (மூடியை இறுக்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் சுற்றி, மறந்துவிடாதீர்கள்), சீப்பு, கொசுவுக்குத் தடவும் க்ரீம், சின்ன டார்ச், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நோட்டு, பேனா, நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வேதாகமமோ யஸ்ஸர்னல் குர்ஆனோ (குர்ஆன் ஓதப் பழகும் பாடநூல்) சுலோகப் புத்தகமோ எது சொன்னார்களோ அது. வேட்டி கட்ட வேண்டும் என்றால் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்குங்கள், நடுக்கூட்டத்தில் அவிழ்ந்தால் பிள்ளை அதற்கப்புறம் வகுப்புப் பக்கமே வராது. முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தொப்பி, மக்கனா (பெண்பிள்ளைகள் தலையை மூடும் துணி) இரண்டிரண்டு.

எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், துணியில் நூலால் ஓர் அடையாளத் தையல் போடுங்கள். செருப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். மண்டப வாசலில் நூறு ஜோடி கழற்றிக் கிடக்கும், அதில் முப்பது ஒரே மாதிரி இருக்கும், இருட்டில் யாரோ யாருடையதையோ மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

தங்கம் வேண்டாம், கம்மல் உட்பட. ஃபோன் வேண்டாம், அனுமதித்தாலும் வேண்டாம். காசு நூறோ இருநூறோ சில்லறையாகப் பொறுப்பாளரிடம். தின்பண்டம் கொடுத்தால் அறைக்கே பகிரும் அளவுக்கு முறுக்கோ கடலை மிட்டாயோ கொடுங்கள், சாக்லேட் உருகி எறும்பைக் கூட்டிவரும்.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் முகாம் என்றால் மே மாதத்திலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டரும் காலுறையும் அவசியம். உங்கள் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த நடைமுறை வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைக்கு அன்று காலை பூரி கிழங்கு கொடுக்காதீர்கள்.

விட்டுவிட்டு வரும் நாள்

சீக்கிரம் போங்கள். முதலில் வந்த பிள்ளைக்குத்தான் சன்னலோர இடம், கடைசியில் வந்ததற்குக் கதவோரம். இரவில் அறையில் இருக்கப்போகும் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசிவிட்டு, பிள்ளையை அவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், கழிவறை எங்கே என்று பிள்ளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அப்புறம் கிளம்பிவிடுங்கள்.

கண்ணில் படாமல் நழுவி வரக் கூடாது. "அம்மா போயிட்டு வரேன், சனிக்கிழமை சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள், அழுதாலும் பரவாயில்லை. அதோடு, "பிடிக்கலைன்னா ஃபோன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த பிள்ளை முதல் ராத்திரியே அதைப் பிடித்துக்கொள்ளும், தாக்குப்பிடிக்க முயற்சியே செய்யாது. "அழுகை வந்தால் அந்த அக்காவிடம் போய்ச் சொல், அவங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லுங்கள்.

அந்த நாட்களில் நீங்கள்

முதல் ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்ததும் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு, ஒரு சிரிப்பு, பொறுப்பாளரின் ஓர் அதட்டல். பத்து நிமிடம் கழித்து மூலையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அது தொடங்கினால் வரிசையாக நாலைந்து பாயில் கேட்கும். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுத்து, வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறதா, அதன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் பெயர் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடும். இரண்டாம் ராத்திரி பாதிப் பேர். மூன்றாம் ராத்திரி பேச்சை நிறுத்தத்தான் போராட வேண்டியிருக்கும். முதல் இரண்டு ராத்திரி நீங்கள் ஃபோன் பண்ணாமல் இருப்பது பெரிய உதவி. குரலைக் கேட்டதும் அடங்கியிருந்த அழுகை திரும்பப் பொங்கும்.

வாட்ஸப் குழுவில் படம் வரும். பெரிதாக்கிப் பார்த்து "ஏன் சிரிக்கலை, கன்னம் ஒட்டியிருக்கே" என்று ஆராய வேண்டாம், வெயிலில் நிற்க வைத்து எடுத்த படத்தில் யார்தான் சிரிப்பார்கள்?

முகாமிலிருந்தே அழைத்து "பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறது" என்றால் முதலில் பொறுப்பாளரிடம் மூன்று கேள்வி: சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, பகலில் விளையாடுகிறதா? மூன்றும் நடந்தால் அது ஏக்கம்தான், பேசித் தேற்றலாம். ஒருநாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, காய்ச்சல் இறங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தால் ஒதுங்குகிறது, அல்லது வாயாடிப் பிள்ளை திடீரென்று பேச்சே இல்லாமல் போனது என்றால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். கட்டின பணம் போனால் போகட்டும்.

தவறாக எதுவும் நடந்ததாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம், முகாம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேச வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, அவசரத்துக்கு 112. இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம், "மடத்துப் பேரு கெட்டுடும்", "சபைப் பேரு கெட்டுடும்" என்று சமாதானம் பேச வருகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

திரும்பி வந்த பிறகு

முதலில் குளியல், அப்புறம் பேன் பார்ப்பது (கட்டாயம் இருக்கும்), அப்புறம் தூக்கம். அன்றைக்கு விசாரணை வேண்டாம். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போதும் வண்டியில் போகும்போதும் தானாகவே வரும். "என்ன கத்துக்கிட்டே, சொல்லு பார்ப்போம்" என்று விருந்தாளி முன்னால் நிறுத்தி ஒப்பிக்க வைக்காதீர்கள். "யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று ஆரம்பித்தால் எல்லாக் கதையும் வந்துவிடும்.

சில பிள்ளைகள் பெரிய பக்தராகத் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டாம் என்னும், அப்பா ஏன் தொழவில்லை என்று கேட்கும், தங்கச்சி ஜெபிக்காமல் சாப்பிட்டதற்குச் சண்டை போடும். கேலி செய்யாதீர்கள், அதற்காகக் குடும்பமே மாற வேண்டும் என்றும் இல்லை. "நீ செய், நல்லது. தங்கச்சியைக் கட்டாயப்படுத்தாதே" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரத்தில் பாதி குறைந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டு நண்பன் வேறு மதம் என்பதால் அவனோடு விளையாட மாட்டேன் என்று சொன்னால் அதைக் காலம் சரிசெய்யும் என்று விடாதீர்கள். எங்கே கேட்டாய், யார் சொன்னது என்று விசாரித்து, முகாம் நடத்தியவர்களிடமே போய்க் கேளுங்கள்.

அவர்களிடம் நல்லதையும் சொல்லுங்கள், பாதிப் பேர் சம்பளமில்லாமல் தங்கள் லீவைச் செலவு செய்து வருகிறவர்கள். ஒரு வாரத்துக்குள் ஃபோன் பண்ணி, எது பிடித்தது, கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, மதியம் தண்ணீர் பற்றவில்லை என்று சொன்னால் அடுத்த வருடத் திட்டத்தில் அது ஏறும். தாழ்ப்பாள் விஷயத்தை மட்டும் டிசம்பரில் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.